‘1,000 அடி வேகம்’னு நம்பி ஏர்கன் வாங்கப் போறீங்களா? காரைக்கால்காரர்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு!

மாங்கனித் திருவிழா சமயத்தில் காரைக்கால் பாரதியார் சாலைப் பக்கம் போயிருக்கிறீர்களா? பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கும். அந்தக் கூட்டம் கலைந்ததும் ராட்டினம், வளையல் கடை, டெல்லி அப்பளம் என்று தெரு களைகட்டும். அந்த வரிசையில் பலூன் சுடும் கடை இல்லாத திருவிழா டெல்டாவில் உண்டா என்ன?

அந்தக் கடைத் துப்பாக்கியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பேரல் தேய்ந்திருக்கும், குறிமுள் கோணலாக இருக்கும், கட்டை மேல் நாலு சுற்று கயிறு சுற்றியிருக்கும். வேட்டைக்கும் ஆகாது, போட்டிக்கும் ஆகாது. ஆனாலும் காசு கொடுத்துவிட்டு, பத்துக்கு ஆறு பலூன் உடைத்தால் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருகிறோம். அதே ஆள் பல ஆயிரம் ரூபாய் போட்டு, ஸ்கோப் வைத்த புத்தம்புது ஏர்கன் வாங்குகிறார். ஒரு மாதத்தில் அது பீரோ மேல் ஏறிவிடுகிறது. ‘வீடியோவுல பார்த்த மாதிரி இல்லீங்க’ என்கிறார்.

ஓட்டைத் துப்பாக்கி சந்தோஷம் தருகிறது. புதுத் துப்பாக்கி ஏமாற்றுகிறது. இது ஏன் என்று கொஞ்சம் விலாவாரியாகப் பார்த்துவிடலாம். ஏனென்றால் இந்த ஏமாற்றம் நம் பர்ஸோடு நிற்பதில்லை.

பெட்டியில் ஒரு கணக்கு, சட்டத்தில் ஒரு கணக்கு

ஏர்கன் விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது ஒரு நம்பர். ‘நொடிக்கு 1,000 அடி வேகம்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கேட்கவே ஜிவ்வென்று இருக்கும். இப்போது சட்டம் சொல்லும் நம்பரைப் பாருங்கள். 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, உரிமம் இல்லாமல் வாங்க வேண்டுமென்றால் ஏர்கனின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. பேரலின் உள்விட்டமும் 0.177 அங்குலத்தை, அதாவது 4.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

பள்ளிக்கூட இயற்பியல்தான். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல். சாதாரண 0.177 ஈயக் குண்டு ஒன்று ஏறக்குறைய அரை கிராம், சரியாகச் சொன்னால் 0.52 கிராம் வரும். நொடிக்கு 1,000 அடி என்பது 305 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 24 ஜூல் வருகிறது. அதாவது, பெட்டியில் போட்டிருக்கும் வேகம் சாதாரண ஈயக் குண்டுக்கு நிஜம் என்றால், அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். உரிமம் வேண்டாம் என்று சொல்லி விற்கிறார்கள் என்றால், அந்த வேகம் ஈயக் குண்டுக்கானதாக இருக்க முடியாது. இரண்டில் ஒன்றுதான் உண்மை!

மிச்ச ரகசியம் குண்டின் எடையில் இருக்கிறது. ஈயம் இல்லாத, இறகு மாதிரி லேசான உலோகக் குண்டைப் போட்டுச் சுட்டால் வேகம் எகிறும். அந்த எண்ணைத்தான் பெட்டியில் அச்சடிப்பார்கள். நீங்கள் கடையில் வாங்கும் ஈயக் குண்டைப் போட்டால் வேகம் இறங்கிவிடும். 20 ஜூல் வரம்புக்குள் அரை கிராம் குண்டு போகக்கூடிய உச்ச வேகமே நொடிக்குச் சுமார் 275 மீட்டர், அதாவது 900 அடிதான்.

ஒலிம்பிக்கில் சுடுகிற துப்பாக்கியின் வேகம் எவ்வளவு?

சரி, வேகம் அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். அதற்குப் பதில் ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். 2024-ல் பாரீஸில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கியது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். நம் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் ஏர் ரைஃபிளில்தான்.

இந்தப் போட்டி ரைஃபிள்களின் குண்டு நொடிக்குச் சுமார் 175 மீட்டர் வேகத்தில்தான் போகும். ஆற்றல் 8 ஜூல் பக்கம். ‘1,000 அடி’ பெட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால், அந்த 8 ஜூல் துப்பாக்கிதான் 10 மீட்டர் தள்ளி இருக்கும் அரை மில்லிமீட்டர் புள்ளியைத் திரும்பத் திரும்பத் தொடுகிறது. பேனா முனையால் வைத்த புள்ளி அளவுதான் அது. குறி தப்பாமல் சுட வேகம் காரணமில்லை. பேரலின் தரம், டிரிக்கரின் நயம், ஒரே சீரான குண்டு, அப்புறம் பல ஆயிரம் மணி நேரப் பயிற்சி. இதில் எதையும் பெட்டி மேல் அச்சடிக்க முடியாது. அச்சடிக்க முடிந்தது வேகம் மட்டும்தான், அதனால் அதையே அச்சடிக்கிறார்கள்.

ஸ்கோப், உப்புக்காற்று, பஞ்சர் கடை

அடுத்த ஏமாற்றம் ஸ்கோப். நம் ஊரில் அதிகம் விற்பது பேரலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் வகை. டிரிக்கரை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் பாய்ந்து போய் நிற்கும். அப்போது துப்பாக்கி முதலில் பின்னுக்கும், உடனே முன்னுக்குமாக இரண்டு தடவை உதறும். இந்த உதறலை மலிவு ஸ்கோப் தாங்காது. நூறு குண்டுக்குள் உள்ளே இருக்கும் குறிக்கோடு ஆட ஆரம்பித்துவிடும். ‘காலையில நேராப் போச்சு, சாயங்காலம் கோணலாப் போகுது’ என்று புலம்புவதில் பாதி இதனால்தான். மீதிப் பாதி, பிடிக்கிற முறை. ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் குறி தப்பும். உள்ளங்கையில் சும்மா தாங்கி, அதன் போக்கில் உதறவிட வேண்டும். சினிமாவில் பார்த்தது இதற்கு நேர்மாறு!

மூன்றாவது, காரைக்கால் விசேஷம்: உப்புக்காற்று. கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பி என்ன பாடுபடும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துப்பாக்கி பேரலுக்கும் அதே கதிதான். துருவுக்குப் பயந்து சிலர் காற்று அழுத்தும் அறைக்குள்ளேயே எண்ணெய் விட்டுவிடுவார்கள். அது இன்னும் மோசம். டீசல் இன்ஜினில் நடப்பதுபோல, காற்று அழுந்தும் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டு ‘டம்’மென்று வெடிக்கும், புகை வரும். ‘ஆஹா, பவர் ஏறிடுச்சு’ என்று தோன்றும். உண்மையில் உள்ளே இருக்கும் சீல் கெட்டுப்போய்க்கொண்டிருக்கும். மெல்லிய எண்ணெய்த் துணியால் வெளியே துடைப்பது போதும்.

ஸ்பிரிங் தொல்லையே வேண்டாம் என்று முன்கூட்டியே காற்றடைத்து வைக்கும் பி.சி.பி. வகைக்குப் போகிறவர்களும் உண்டு. உதறல் இல்லை, குறி அற்புதம். ஆனால், அதில் காற்று 200 பார் அழுத்தத்துக்கு ஏற வேண்டும். உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரை பார். பஞ்சர் கடை கம்ப்ரஸர் பத்து பார் பக்கத்திலேயே மூச்சு வாங்கும். ஆக, அதற்கென்று தனி கைப்பம்பு வாங்க வேண்டும், வியர்க்க விறுவிறுக்க அடிக்க வேண்டும். துப்பாக்கி விலையைப் பார்த்த நாம் பம்பு விலையைப் பார்த்திருக்க மாட்டோம்!

வஞ்சூரைத் தாண்டினாலும் அதே சட்டம்

காரைக்கால் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து வஞ்சூர் செக்போஸ்ட்டைத் தாண்டினால் சரக்கு விலை வேறு, பெட்ரோல் விலை வேறு. வண்டிக்குக்கூட பி.ஒய்.-02 நம்பர் வாங்க ஆள் உண்டு. அதே நினைப்பில் ‘பாண்டிச்சேரி ரூல்ல ஏர்கன் ஈஸிதானே’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் மத்திய அரசின் சட்டம். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். உரிமம் தேவையில்லாத ஏர்கனுக்கும் விற்பவர் உங்கள் அடையாளச் சான்று, முகவரிச் சான்று வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். கேட்காமல் கொடுக்கிறார் என்றால், அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரிய சங்கதி. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. இன்றைக்கும் தெருவுக்கு நாலு வீட்டில் பாரீஸ் சொந்தம் இருக்கும். பிரான்ஸிலும் 20 ஜூல் வரையிலான ஏர்கனை 18 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமல் வாங்கலாம். ஆனால், அங்கே 5.5 மில்லிமீட்டர் குண்டும் அதே வரம்பில் கிடைக்கும். இங்கே அதற்கு உரிமம் தேவை. அங்கே கடையில் தொங்கும் கௌபாய் ரிவால்வர் மாடல் ஏர்கன்களை, ‘வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாங்க மாமா’ என்று சொல்லிவிடவும் முடியாது. இங்கே ஏர்கன் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டு. அதில் சலுகை கிடைப்பது பெரும்பாலும் தகுதி பெற்ற விளையாட்டு வீரர்களுக்குத்தான். ஜெர்மனியில் உரிமம் இல்லாத வரம்பு இன்னும் குறைவு, 7.5 ஜூல். வெளிநாட்டு வீடியோ பார்த்து ஆசைப்படும் முன் அது எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட துப்பாக்கி என்று பாருங்கள். பாதி ஏமாற்றம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஏமாற்றம் எங்கே போய் இறங்குகிறது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஆசையாக வாங்கியாயிற்று. காகித இலக்கு இரண்டு நாளில் சலித்துவிட்டது. பெட்டியில் ‘பவர்’ என்று எழுதியிருக்கிறதே, அதை எங்கே காட்டுவது? அப்போது கண் தானாக மரத்தின் மேல் போகும். காகம், புறா, வாய்க்கால் கரையில் நிற்கும் மடையான், வயலில் மேயும் மயில்.

டெல்டாவில் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் வரும் காலம். தெற்கே கோடியக்கரை இருக்கிறது. மேற்கே திருவாரூர் மாவட்டத்தில் வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே இரை தேடும் பறவைகளுக்கு சரணாலய எல்லை தெரியாது. நம் வயலிலும் அரசலாற்று முகத்துவாரத்திலும்தான் வந்து மேயும். ‘காக்காதானே, யார் கேட்கப் போறா’ என்ற பேச்சும் இனி செல்லாது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காகம், எலி போன்றவை ‘தீங்குயிர்’ என்ற தனிப் பட்டியலில் இருந்தன. 2022-ல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது. மயில் முதல் பட்டியலில் இருக்கும் பறவை. அதைச் சுட்டால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. உளுந்து வயலில் மயில் இறங்கி நாசம் பண்ணுகிறது என்ற விவசாயியின் வேதனை நிஜம்தான். ஆனால், அதற்கு ஏர்கன் தீர்வில்லை, ஜெயிலுக்குத்தான் வழி.

அருணாச்சலப் பிரதேசம் இதை நேரடியாக எதிர்கொண்ட மாநிலம். வீட்டுக்கு வீடு ஏர்கன், காட்டில் பறவைச் சத்தமே குறைந்துபோனது. 2021 மார்ச்சில் அங்கே ஏர்கன்களை ஒப்படைக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். கிராமத்துக்காரர்கள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் பிரதமர் இதைக் குறிப்பிட்டபோது எண்ணிக்கை 1,600-ஐத் தாண்டியிருந்தது. ‘சின்னத் துப்பாக்கிதானே’ என்று நாம் நினைப்பது எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு இது சாட்சி.

பறவை மட்டுமல்ல. காரைக்கால் மாவட்டத்தின் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,00,222. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,200 பேருக்கு மேல். மேல்நோக்கிச் சுட்ட ஏர்கன் குண்டு முந்நூறு மீட்டர் வரைகூடப் போகும். இந்த ஊரில் எந்தப் பக்கம் முந்நூறு மீட்டர் போனாலும் யாராவது ஒருவர் வீட்டுக் கொல்லை இருக்கும், அங்கே ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும். கண்ணைப் பறிக்க 20 ஜூல் தேவையில்லை, அதில் சிறு பங்கு போதும்.

உதவாத துப்பாக்கி மேல் ஏன் இவ்வளவு ஆசை?

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘அப்போ ஏர்கனே வேண்டாம்னு சொல்றீங்களா?’ என்று கேட்காதீர்கள். விஷயம் அங்கேதான் திரும்புகிறது. இந்தச் சமாசாரத்தில் ஊறியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் கடைசியில் மனசைப் பறிகொடுப்பது பெரும்பாலும் ‘எதுக்கும் உதவாத’ மாடல்களிடம்தான். பழைய இரும்பு ஸ்பிரிங் பிஸ்டல், கௌபாய் ரிவால்வர் மாதிரி, உலகப் போர் காலத் துப்பாக்கியின் அச்சு அசல் நகல்.

ரிவால்வர் மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு குப்பியில் ஓடும். ஆறு பொய்த் தோட்டாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குண்டைச் செருகி, ஒவ்வொன்றாக உருளையில் போட வேண்டும். நிரப்ப ஒரு நிமிடம், சுட ஆறு நொடி. குப்பி நம் ஊரில் லேசில் கிடைக்காது. பத்து மீட்டருக்கு அப்பால் குறி நம்பிக்கையில்லை. ஆனாலும் வைத்திருப்பவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு! சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவர்களுக்கும், ஜெய்சங்கர் குதிரையில் வந்த ‘கங்கா’ காலத்து ரசிகர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு ரோல் கேப் துப்பாக்கி வாங்கும்போது யாராவது ‘இது நொடிக்கு எத்தனை அடி?’ என்று கேட்டோமா?

சரித்திரத்திலும் இதற்கு ஒரு பெரியண்ணன் உண்டு. 1780 வாக்கில் ஆஸ்திரிய ராணுவம் ஜிரான்டோனி என்ற காற்றுத் துப்பாக்கியைப் பயன்படுத்தியது. நிரப்பாமல் 20 குண்டு சுடலாம், புகை கிடையாது. அந்தக் காலத்துக்கு அதிசயம். ஆனால், காற்றுக் குப்பியை நிரப்ப கைப்பம்பில் சுமார் 1,500 தடவை அடிக்க வேண்டும். பராமரிக்க முடியாமல் ராணுவம் கைவிட்டது. பிறகு 1804-ல் அமெரிக்காவின் மேற்கே கிளம்பிய லூயிஸ் - கிளார்க் பயணக் குழு அப்படி ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுபோனது. வழியில் சந்தித்த பழங்குடிகள் முன்னால் சுட்டுக்காட்டி அசர வைப்பதுதான் அதன் முக்கிய வேலை. போருக்கு உதவாதது, வேடிக்கைக்கு உதவியது!

உதவாத மாடல் ஏன் ஏமாற்றுவதில்லை? அது எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. வாங்கும்போதே இது விளையாட்டுச் சாமான் என்று நமக்குத் தெரியும். கையில் கனம், இரும்பின் குளிர்ச்சி, ‘க்ளிக்’ என்ற சத்தம், ஒரு தகர டப்பா கவிழும் ஓசை, அவ்ளோதான். புல்லட் வண்டி, சாவி கொடுக்கும் கடிகாரம், மை போடும் பேனா எல்லாம் இந்த ரகம்தான். ‘பவர்’ என்று சொல்லி விற்ற துப்பாக்கியோ நம் கையில் இல்லாத ஒரு காட்டையும் நமக்கு உரிமையில்லாத ஒரு வேட்டையையும் சேர்த்து விற்கிறது. பெட்டியைப் பிரித்தால் துப்பாக்கி மட்டும்தான் இருக்கும். அந்தக் குறையைத்தான் பலர் காக்காய் மேல் தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி

‘எதை வாங்கலாம்?’ என்று கேட்கும் முன், ‘எங்கே வைத்து, எதைச் சுடப் போகிறேன்?’ என்று கேளுங்கள். பதில் காகிதம், தகர டப்பா, பலூன் என்றால் தாராளமாக வாங்கலாம். டெல்டாவின் பழைய வீடுகளில் வாசலிலிருந்து கொல்லை வரை பத்து மீட்டர், அதாவது 33 அடி, சுலபமாகக் கிடைக்கும். பின்னால் பழைய துணி திணித்த மரப்பெட்டியோ மணல் மூட்டையோ வையுங்கள். வெறும் சுவரில் பட்டால் குண்டு திரும்பி வரும். கண்ணாடி போடுங்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். இதற்கு 1,000 அடி வேகம் தேவையே இல்லை. அதில் பாதி வேகத்துப் துப்பாக்கியே தாராளம். மடக்கச் சுலபமாகவும் இருக்கும்.

விளம்பரத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால் சும்மா விடாதீர்கள். பெட்டி, பில், விளம்பரத்தின் ஸ்கிரீன் ஷாட் எல்லாவற்றையும் வைத்திருங்கள். 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

அந்தக் கேள்விக்கு உங்கள் பதில் ‘காக்கா, கொக்கு, மயில்’ என்றால், காசை மிச்சப்படுத்துங்கள். நிஜமாகவே குறி பார்த்துச் சுடும் ஆசை என்றால், அந்தப் பணத்தில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் நாலு மாதம் பயிற்சிக்குப் போங்கள். எட்டு ஜூலில் என்னென்ன செய்யலாம் என்று அங்கே தெரிந்துவிடும்.